கைக்காகிதத்தில் வரும் கோளாறுகள்: மலையில் பட்டறை நடத்துபவர்களுக்காக

காய்ந்த தாள் சுருண்டிருந்தால் காயப்போட்டவரைத் திட்டுகிறோம். மை கசிந்தால் பசையைக் கூட்டுகிறோம். தாள் கிழிந்தால் தாள் அள்ளும் அச்சைக் குறை சொல்கிறோம். கொடைக்கானலில் பன்னிரண்டு வருடமாகப் பருத்திக் கழிவில் தாள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கோளாறு கண்ணில் படும் இடத்திலேயே அது பிறந்திருந்த நாட்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் இரண்டு மூன்று வேலை முன்னாலேயே, துணியை அடித்துக் கூழாக்கும் பீட்டரிலோ தண்ணீர்த் தொட்டியிலோ அது தொடங்கியிருக்கும். கீழே உள்ளதை அந்த நினைப்போடு படியுங்கள்.

எங்கள் வேலையின் வரிசை இது. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் பழனி வழியாக மலையேறி வருகிறது. அதைத் தரம் பிரித்து, ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, பீட்டரில் ஐந்தாறு மணி நேரம் அடித்துக் கூழாக்குகிறோம். கூழைத் தொட்டியில் கரைத்து, வலை கட்டிய அச்சில் அள்ளி, துணியில் கவிழ்த்து, அடுக்கி, பிரஸ்ஸில் பிழிந்து, கொடியில் காயவிடுகிறோம். பிறகு மை கசியாமல் இருக்கப் பசை பூசி, மறுபடி உலர்த்தி, துத்தநாகத் தகடுகளுக்கு நடுவே வைத்து உருளையில் விட்டால் தாள் வழவழப்பாக வெளிவரும்.

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடுத்து, ஒரு கரண்டிக் கூழைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கலக்கி அதையும் வெளிச்சத்தில் பாருங்கள். தாளில் மேகம் மாதிரித் திட்டு தெரிந்து, தம்ளரில் கூழ் சீராக இருந்தால் கோளாறு தொட்டியிலோ கையிலோ இருக்கிறது. தம்ளரிலேயே திட்டு தெரிந்தால் பீட்டருக்குப் போங்கள். இந்த இரண்டு நிமிடம் எனக்கு எத்தனையோ நாள் வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

வெள்ளைத் தாள் சாம்பல் பூத்து வருகிறது, அல்லது பழுப்பேறி வருகிறது

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு வரும் கோளாறு இது. சமவெளியில் பயிற்சி எடுத்து வந்தவர்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

ஒரு ஐப்பசியில் கல்யாணப் பத்திரிகைக்காக நானூறு தாள் கேட்டிருந்தார்கள். நல்ல வெள்ளைக் கட்டிங்தான் போட்டோம். பிரஸ்ஸிலிருந்து எடுத்த தாள் அடுப்புச் சாம்பலைத் தூவிய மாதிரி இருந்தது. வேஸ்டில் சாயத் துணி கலந்துவிட்டது என்று நினைத்து மூட்டையைக் கொட்டி மறுபடி பிரித்தோம். புதுக் கூழும் அதே நிறத்தில்தான் வந்தது. தாள் எடுக்கும் அக்கா சொன்னார்: “துணியில ஒண்ணும் இல்ல பாப்பா. தொட்டித் தண்ணிய வெள்ளைக் கிண்ணத்துல ஊத்திப் பாரு.” ஊற்றினேன். பால் விடாத டீயை நாலு பங்கு தண்ணீர் விட்டு இறக்கிய நிறம்.

எங்களுக்குத் தண்ணீர் வரும் ஓடை சீகை மரக் காட்டுக்குள்ளிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தைத்தான் மலையில் சீகை என்கிறோம். விறகுக்காகவும், தோல் பதனிட அதன் பட்டை வேண்டுமென்றும் பழனி மலையிலும் நீலகிரியிலும் அதை நட்டார்கள். பட்டையில் அவ்வளவு துவர்ப்புச் சத்து. மழை பெய்தால் இலையும் பட்டையும் ஊறிய தண்ணீர் ஓடையில் இறங்கும். துவர்ப்பு மட்டும் இருந்தால் தாள் லேசாகப் பழுப்பேறும், அவ்வளவுதான். அதோடு இரும்பு சேர்ந்தால் நிறம் கறுக்கும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவது இப்படித்தான்: கடுக்காயில் ஊறிய துணிமேல் இரும்புக் கரைசல் படுகிறது. நாங்கள் அந்த வருடம் பழைய இரும்புக் குழாய் ஒன்றை ஓடைத் தண்ணீருக்கு மாற்றிப் போட்டிருந்தோம். குழாயின் துருவும் சீகையின் துவர்ப்பும் சேர்ந்து எங்கள் தொட்டிக்குள்ளேயே மை காய்ச்சியிருக்கின்றன.

கண்டுபிடிப்பது சுலபம். ஓடைத் தண்ணீரை ஒரு தம்ளரில் பிடித்து, துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் சாம்பலாகவோ நீலம் கலந்த கறுப்பாகவோ மாறியிருந்தால் தண்ணீரில் துவர்ப்பு இருக்கிறது. இன்னொரு தம்ளரில் பீட்டரிலிருந்து வடிந்த தண்ணீரைப் பிடித்து, பால் கலக்காத கெட்டி டீ நாலைந்து சொட்டு விடுங்கள். கறுத்தால் அதில் இரும்பு இருக்கிறது. இரண்டு தம்ளரும் கறுத்தால் எங்கள் கதைதான் உங்கள் கதையும்.

சரிசெய்ய முதலில் இரும்பை விலக்குங்கள். அதுதான் செலவு குறைவு. ஓடை முதல் தொட்டி வரை பிளாஸ்டிக் குழாய் போடுங்கள். பீட்டர் உருளையின் பட்டைகள் சாதா இரும்பாக இருந்தால், வேலை முடிந்ததும் தண்ணீரை முழுக்க வடித்துத் துடைத்துவிடுங்கள். இரண்டு நாள் ஈரத்தோடு கிடந்த பீட்டரில் முதல் ஈடு கூழ் போடவே கூடாது. வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் கொட்டிய பிறகு போடுங்கள். துவர்ப்பைக் குறைக்க மணலும் மரக்கரியும் போட்ட வடிதொட்டி உதவும். எங்களுக்கு நிலையாகக் கைகொடுத்தது கூரை மழைத் தண்ணீர். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து பிடித்து வைக்கிறோம். வெள்ளைத் தாளுக்கு அதை மட்டும்தான் தொடுகிறோம்.

தனி டிரம்மில் படிகாரம் கரைத்து நிறத்தைப் படியவைத்து மேல் தண்ணீரை எடுக்கலாம். அப்படி எடுத்தால் லிட்மஸ் தாளில் பார்த்து, புளிப்பு இருந்தால் சுண்ணாம்புக்கல் மாவு கலந்து நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே கறுத்த கூழை ஆக்சாலிக் அமிலம் போட்டு வெளுக்கலாம் என்பார்கள். வெளுக்கும், உண்மைதான். ஆனால் அது விஷம். கழுவிக் கழுவி ஊற்றும் தண்ணீர் எங்கே போகும் என்று யோசியுங்கள். எங்களுக்குக் கீழே பூண்டு வயல் இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. அந்த நானூறு தாளுக்கான கூழில் ஃபைல் அட்டை எடுத்துவிட்டு, பத்திரிகைக்குப் புதிதாக அடித்தோம்.

தாள் முழுக்க நிறம் மாறாமல் அங்கங்கே ஊசிமுனைப் புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறதா? அது பீட்டர் பட்டையிலிருந்து உதிர்ந்த துரு. வேஸ்ட் மூட்டையில் வந்த குண்டூசி, கொக்கி, ஜிப்பாகவும் இருக்கலாம். வெட்டுவதற்கு முன் துணிக் குவியலில் ஒரு காந்தத்தை ஓட்டி எடுங்கள்.

அச்சில் தண்ணீர் வடியவே மாட்டேன் என்கிறது

கூழை அதிகமாக அடித்துவிட்டோம் என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்லும் காரணம். அடிக்க அடிக்க இழையின் மேல்தோல் பிசிர் பிசிராகப் பிரிந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கையில் எடுத்தால் வெண்டைக்காய்க் குழம்பு மாதிரி வழுக்கும். அப்படிப்பட்ட தாள் காயும்போது அதிகமாகச் சுருங்கும், விறைத்துக்கொண்டு படபடவென்று சத்தம் போடும். இந்த அடையாளங்கள் இருந்தால் அடுத்த ஈட்டில் அடிக்கும் நேரத்தைக் குறையுங்கள். இந்த ஈட்டோடு குறைவாக அடித்த கூழைக் கலந்து சமாளியுங்கள்.

ஆனால் மார்கழி, தை மாதக் காலையில் இந்தக் கோளாறு வந்தால் பீட்டரைத் தொடாதீர்கள். தொட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் பிசுக்கானது. 10 டிகிரித் தண்ணீரின் பிசுக்கு 30 டிகிரித் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். வலைக் கண்ணில் இறங்க அதற்கு அவ்வளவு கூடுதல் நேரம் வேண்டும். முதல் குளிர்காலத்தில் இது தெரியாமல் கூழைக் குறைவாக அடித்தேன். தண்ணீர் என்னவோ வடிந்தது. தாளில் பலம் இல்லாமல் மடித்த இடத்தில் விட்டுப்போனது. இப்போது ஒரு அண்டா வெந்நீர் போட்டுத் தொட்டியில் கலந்து, கை பொறுக்கும் இளஞ்சூட்டில் வேலையைத் தொடங்குகிறோம். தாள் எடுப்பவர்களின் விரல்களுக்கும் அது நல்லது. பனிக் காலையில் ஐஸ் தண்ணீருக்குள் நாள் முழுக்க முழங்கைவரை விட்டிருப்பவர்களிடம் சீரான தாளை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டுமே இல்லையென்றால் வலைக் கண் அடைத்திருக்கும். அச்சைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். மிருதுவான பிரஷ்ஷால் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

தாளில் முடிச்சு, நூல், ரப்பர் துணுக்கு

முடிச்சுக்குப் பெரும்பாலும் வெட்டு நீளம்தான் காரணம். அங்குலத்துக்கு மேல் நீண்ட துண்டுகள் பீட்டரில் சுற்றும்போது ஒன்றையொன்று முறுக்கிக் கயிறாகிவிடும். கயிறான பிறகு எத்தனை மணி நேரம் அடித்தாலும் பிரியாது. அடுத்த காரணம் அவசரம். ஒரு கிலோ துணிக்கு 25 முதல் 30 லிட்டர் தண்ணீர் இருக்க வேண்டும். பீட்டர் உருளையை எடுத்த எடுப்பில் இறக்கிவிடக் கூடாது. முதல் அரை மணி நேரம் மேலாக ஓடவிட்டு, துணி பிரிந்து நூலான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். சீக்கிரமே அழுத்தினால் இழை பிரிவதற்குப் பதிலாக அறுந்து குட்டையாகிவிடும்.

வீட்டு மிக்ஸியில் அரைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மிக்ஸி வெட்டும், அடிக்காது. மாதிரி பார்க்க அது போதும். பலமான தாள் அதில் வராது.

முடிச்சு இல்லாமல் மினுக்கும் நூல் தெரிந்தால் அது பாலியெஸ்டர் தையல் நூல். சவ்வு மாதிரி இழுபடும் துணுக்கு தெரிந்தால் அது லைக்ரா. இப்போது பனியன் துணியில் லைக்ரா கலக்காத வேஸ்ட் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் நாலு துண்டு எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். துணியை இழுத்துவிட்டால் ரப்பர் மாதிரித் திரும்பினால் லைக்ரா. சுத்தப் பருத்தியும் பின்னல் வாட்டத்தில் இழுபடும். ஆனால் பழைய அளவுக்குச் சட்டென்று திரும்பாது. மூட்டையில் கலப்பு வந்தால் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். மரத்தில் அது ஏறக்குறைய பாதிதான். மரக்கூழ்த் தாளைப் பழுக்கவைக்கும் லிக்னின் பருத்தியில் இல்லை. அந்த நீண்ட ஆயுளுக்காகத்தான் ஆட்கள் நம்மிடம் வருகிறார்கள். தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, 1934இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தில் கைக்காகிதத்துக்கும் இடம் கொடுத்தார். ஜெய்ப்பூர் பக்கம் சங்கானேரில் இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு இன்று அவர் பெயர்தான். அந்த வழியில் வந்த தாளில் ரப்பர் துணுக்கு இருக்கக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம் உண்டு.

வட்ட வட்டமாக மெலிந்த இடம், சின்ன ஓட்டை

ஈரத் தாள்மேல் சொட்டு விழுந்த தடம் இது. அச்சின்மேல் வைக்கும் சட்டத்தைத் தூக்கும்போது அதன் விளிம்பிலிருந்தோ எடுப்பவரின் முழங்கையிலிருந்தோ சொட்டும். சட்டத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, தாளுக்கு வெளியே எடுக்கப் பழகினால் நின்றுவிடும். பனிமூட்டம் இறங்கிய நாளில் மட்டும் வருகிறதென்றால் அண்ணாந்து பாருங்கள். தகரக் கூரையின் உள்பக்கம் ஈரம் கோத்துச் சொட்டும். தொட்டிக்கு மேலே சாய்வாக ஒரு பிளாஸ்டிக் படுதா கட்டினால் போதும்.

துணியில் கவிழ்க்கும்போது கிழிகிறது

துணி காய்ந்திருக்கிறது, அல்லது தாளில் தண்ணீர் அதிகமாக இருக்கிறது. துணியை நனைத்துப் பிழிந்து விரியுங்கள். அச்சை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு உருட்டுவது போல அழுத்தி எடுங்கள்.

ஒரு தாள் தடி, ஒரு தாள் மெலிசு

தாள் எடுக்க எடுக்கத் தொட்டியில் கூழ் குறைந்துகொண்டே போகும். ஐந்தாறு தாளுக்கு ஒருமுறை ஒரே அளவு குவளையில் கூழ் சேர்த்து, அடிவரை கலக்கிவிட வேண்டும். கண் அளவை நம்பாமல் தராசில் போடுங்கள். ஏ4 அளவு தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) தாள் என்றால் ஒன்று பன்னிரண்டரை கிராம் இருக்க வேண்டும். பனிமூட்ட நாளில் தாள் காற்றிலிருந்தே ஈரம் குடித்துக் கனத்திருக்கும். அன்று எடை சரியாக இருந்தால் தாள் உண்மையில் மெலிசு. ஒப்பிட ஒரே நாளில், ஒரே அறையில் இருந்த தாள்களைத்தான் நிறுக்க வேண்டும்.

காய்ந்த தாள் ஓரம் சுருங்கி அப்பளமாகிறது

ஓரம் காய்ந்துவிட்டது, நடுப்பகுதி இன்னும் ஈரம். நடுப்பகுதி பிறகு சுருங்கும்போது ஏற்கெனவே விறைத்த ஓரத்தை இழுக்கிறது. மாசி, பங்குனியில் வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது இது நிச்சயம் வரும். நிழலில், காற்று நேரே அடிக்காத இடத்தில் கொடி கட்டுங்கள். அதைவிட முக்கியம் பிரஸ்: நன்றாகப் பிழிந்த தாளுக்குச் சுருங்க அவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்காது. முக்கால் காய்ந்ததும் கொடியிலிருந்து எடுத்து, அடுக்கி, மேலே பலகையும் கல்லும் ஏற்றி ஒரு ராத்திரி வையுங்கள். முழுக்கக் காய்ந்து அப்பளமான தாளைத் தகட்டில் வைத்து உருளையில் விட்டால் மடிப்பு அப்படியே அழுந்தி நிரந்தரமாகிவிடும். அதற்கு லேசாக ஈரத் துணி ஒற்றி, பலகைக்குக் கீழே வைத்துவிட்டுப் பிறகு உருளைக்குக் கொண்டுபோங்கள்.

மை கசிந்து பரவுகிறது

பசை பிடிக்கவில்லை. எந்தப் பசை என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

மாவுப் பசையென்றால் அது வேகவில்லை. கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் கொஞ்சம் குறைவு. மலையில் பருப்பு வேக நேரமாவது ஏன் என்று எல்லா வீட்டிலும் தெரியும். பசைக்கும் அதே கணக்குதான். திருப்பூரில் பத்து நிமிடம் என்று சொன்னதை நம்பி இறக்கிவிடாதீர்கள். பாத்திரத்தில் வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரித் தெளியும்வரை கிண்டிக்கொண்டே இருங்கள். ஜெலட்டின் இதற்கு நேர்மாறு. அதைக் கொதிக்கவிட்டால் பலம் போய்விடும். 50, 60 டிகிரியில் கரைந்தாலே போதும்.

ஏ.கே.டி. என்னும் ரசாயனப் பசையைக் கூழிலேயே கலப்பவர்கள் பலர் குளிர்காலத்தில் ஏமாந்துபோகிறார்கள். அது இழையோடு பிணைய வெப்பமும் நாளும் வேண்டும். மலைக் குளிரில் காய்ந்த தாளில் மறுநாளே எழுதிப் பார்த்தால் கசியத்தான் செய்யும். பசை போதவில்லை என்று அளவைக் கூட்டுவதற்கு முன், தாளின் ஒரு மூலையை மட்டும் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒரு நிமிடம் தேயுங்கள். பிறகு அந்த மூலையில் ஒரு கோடு, தேய்க்காத இடத்தில் ஒரு கோடு போடுங்கள். தேய்த்த மூலையில் கோடு கூர்மையாக நின்றால் பசை போதும், இன்னும் முதிரவில்லை என்று அர்த்தம். வெதுவெதுப்பான அறையில் பத்துப் பதினைந்து நாள் அடுக்கி வையுங்கள். இரண்டு கோடும் கசிந்தால்தான் அளவைக் கூட்ட வேண்டும்.

ரோசின் என்னும் மரப் பிசினும் படிகாரமும் சேர்த்துப் போடுவது பழைய வழி, மலிவு. மை கசியாது. ஆனால் படிகாரத்தின் புளிப்பு தாளுக்குள்ளேயே தங்கி, வருடம் போகப் போகப் பருத்தியையும் நொறுக்கிவிடும். பையும் உறையும் செய்யலாம். ஓவியருக்கும் ஆவணத்துக்கும் அந்தத் தாளைக் கொடுக்காதீர்கள்.

புளித்த வாடை, பூஞ்சைப் புள்ளி

கூழ் புளித்தால் வாடை வரும்; இழை பலம் இழக்கும். மலைக் குளிரில் மூன்று நாள் தாங்கும் என்று விட்டுவைக்கிறோம், ஆனால் சித்திரையில் தாங்காது. மிச்சக் கூழைப் பிழிந்து உருண்டையாக்கிக் காயவைத்துவிட்டால் பிறகு ஊறவைத்து எடுத்துக்கொள்ளலாம். தாளில் வரும் பூஞ்சை ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மழையில் வருவது. கொடியில் மூன்று நாள் தொங்கியும் காயாத மாவுப்பசைத் தாளில் முதலில் வரும். அந்த மாதங்களில் ஒரு சின்ன அறையில் விறகடுப்பு மூட்டி, புகை வெளியே போகக் குழாய் வைத்து, அதில்தான் உலர்த்துகிறோம். மாவுப் பசையில் கொஞ்சம் கிராம்பு எண்ணெய் விடுவது உண்டு.

பதித்த இதழைச் சுற்றிப் பழுப்பு வளையம்

ரோஜா, செம்பருத்தி இதழின் நிறம் தண்ணீரில் கரைவது. ஈரக் கூழில் அது ஓடும். கூழில் சுண்ணாம்புக்கல் மாவு இருந்தால் சிவப்பு நீலமாகவும் பச்சையாகவும் திரியும். செண்டுமல்லியின் மஞ்சள் தண்ணீரில் கரையாது, அது நிற்கும். பெரணி இலையை அழுத்திக் காயவைத்துப் போட்டால் அழகாக வரும். எந்த இதழையும் ஒரு கொதி விட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பதியுங்கள். 2018இல் குறிஞ்சி பூத்தபோது அந்தப் பூவைப் பதித்துத் தரச் சொல்லிப் பலர் கேட்டார்கள். செய்யவில்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்து பூத்து, விதை போட்டுவிட்டுச் சாகும் செடி அது. 2030இல் கேட்டாலும் செய்ய மாட்டேன்.

இங்கே தட்டையாக இருந்த தாள் சென்னைக்குப் போனதும் சுருள்கிறது

பனிமூட்டத்தில் கட்டிய பார்சல் இது. ஈரம் குடித்த தாள் கீழே ஏ.சி. கடையில் ஈரத்தை விடும்போது ஒரு பக்கமாக வளைகிறது. அடுப்பு மூட்டிய உலர்த்தும் அறையில் தாள்களை ஒருநாள் விரித்து வைத்து, பிறகு பலகைக்குக் கீழே ஒரு ராத்திரி அழுத்தி, அந்த அறைக்குள்ளேயே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டுங்கள். வராந்தாவில் வைத்துக் கட்டாதீர்கள். வாங்குபவர்களிடமும், உறையைப் பிரிக்காமல் ஒருநாள் கடைக்குள் வைத்திருந்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.